ஆர்லிஸ் டக்கெட் கர்ப்பமாக இருந்த கதை

ஆர்லிஸ் டக்கெட்டுக்கு அறுபத்து நான்கு வயது. டோலிவர் மாவட்டத்துப் பள்ளிக்கூடப் பேருந்தை முப்பத்தொரு வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்விட்டாள், பிள்ளை இல்லை, முழங்கால் வலி உண்டு. தாம் கர்ப்பமாக இருக்கிறோம் என்பது அவருக்கு மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சோளக்கூழில் வெண்ணெயைக் கலக்கிக்கொண்டிருந்தபோது தெரியவந்தது.

"வணக்கம் கெனிட்ரா! நீங்கள் இப்போது 22வது வாரத்தில் இருக்கிறீர்கள். உங்கள் குழந்தை ஒரு பப்பாளிப் பழத்தின் நீளம் வளர்ந்திருக்கிறது. இன்று எப்படி இருக்கிறீர்கள்? நலம் என்றால் 1. நலமில்லை என்றால் 2. பத்து நிமிடத்துக்குள் பதில் அனுப்பவும். என்றும் உங்களுடன், 'கூடவே' திட்டம், டோலிவர் தாய்நல வாரியம்."

கைபேசி வாங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பழையது மீன் குளத்தில் விழுந்து செத்துப்போனது. நெடுஞ்சாலைக் கடையில் கிடைத்த மலிவான ஒன்றை வாங்கினார். எண்ணும் அவர்களே கொடுத்தார்கள். அந்தக் கடைக் கைபேசிகளுக்கு மாதாமாதம் பணம் கட்டாவிட்டால் எண் போய்விடும். போன எண்ணை அடுத்து வருகிறவன் தலையில் கட்டிவிடுவார்கள். இது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், வாரியத்தைத் தவிர.

ஆர்லிஸ் மரியாதைக்காரர். யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. கட்டை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எழுதினார்: "நான் கெனிட்ரா இல்லை."

உடனே பதில் வந்தது. "கர்ப்ப காலத்தில் 'நான் நானாக இல்லை' என்று தோன்றுவது இயல்பே. ஆழமாக மூச்சு விடுங்கள்."

ஆழமாக மூச்சு விட்டுவிட்டு மறுபடி எழுதினார்: "நான் ஆண்."

"ஆண் குழந்தை! வாழ்த்துகள்! பதிவு செய்துகொண்டோம்."

பக்கத்து வீட்டில் இருக்கும் அக்கா ஓஸெல்லாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். தேவாலயத்தில் பியானோ வாசிக்கும் ஓஸெல்லாவுக்கு எழுபது வயதிலும் வாய் மட்டும் முப்பதிலேயே நிற்கிறது.

"அடப்பாவி, அப்பன் யாருடா?" என்றாள்.

"விளையாடாத அக்கா. யாரோ ஒரு பொண்ணுக்கு வரவேண்டியது எனக்கு வருது."

"வரட்டுமே. இந்தக் குடும்பத்துல யாராவது ஒருத்தர் உடம்பை ஒருத்தன் விசாரிக்கறானே, அதைச் சொல்லு."

காலையில் ஒரு செய்தி, மாலையில் ஒரு செய்தி. குழந்தை பப்பாளியிலிருந்து கத்தரிக்காய்க்கும், கத்தரிக்காயிலிருந்து சோளக்கதிருக்கும் போயிற்று. இடையே வேறு சில செய்திகளும் வந்தன: "உங்கள் எண்ணை மாற்றக் கோரியுள்ளீர்கள். சரிபார்ப்பு எண் 4471. இதை யாரிடமும் சொல்லாதீர்கள்." ஆர்லிஸ் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாதே என்றால் சொல்லாத மனிதர் அவர். அப்படி நான்கு முறை வந்தது, நான்கு முறையும் அழித்தார்.

இரண்டு வாரம் கேட்டதற்கெல்லாம் மரியாதையாக 1 அழுத்திப் பொறுத்தார். பிறகு ஒரு நாள் செய்தியின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "செய்திகள் வேண்டாம் என்றால் 0 அழுத்தவும்." அழுத்தினார்.

"உங்கள் இழப்புக்கு ஆழ்ந்த வருத்தங்கள், கெனிட்ரா. உங்கள் துயரத்திலும் நாங்கள் கூடவே இருப்போம். துயரம் மிகுதி என்றால் 1. மிதம் என்றால் 2."

அடுத்த வாரமே வாரியத்துக்குக் கிளம்பினார்.

*

வாரியம் இருந்த கட்டடத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒன்பது வருடத்துக்கு முன் அதுதான் மாவட்டத்தின் பிரசவ ஆஸ்பத்திரி. டோலிவரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கும் பாதிப் பேர் அங்கே பிறந்தவர்கள். நர்சுக்குச் சம்பளம், டாக்டருக்குச் சம்பளம், இரவில் விளக்கெரியச் செலவு, இதெல்லாம் கட்டுப்படியாகவில்லை என்று மூடினார்கள். இனிப் பிள்ளை பெறுகிறவள் அறுபத்தெட்டு மைல் தாண்டி மாண்ட்கமரிக்குப் போக வேண்டும். மூடிய கையோடு அதே கட்டடத்துக்கு வெள்ளையடித்து, அதே அறைகளில் மேசை போட்டு, அங்கிருந்து செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். செய்திக்குத் தூக்கம் வராது, சம்பளம் கேட்காது, கையில் ரத்தம் படாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உதவும் என்று நிரூபிக்க டோலிவரில் பதினோரு பேர் வேலை பார்த்தார்கள்.

ஆர்லிஸ் போய் நின்ற சன்னலுக்குப் பின்னால் வெர்னீஸ் என்ற ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி இருந்தாள். திரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"என்ன விஷயம்?"

"அம்மா, நான் கர்ப்பமா இல்லை."

"தெரியும். போன வியாழக்கிழமையோட முடிஞ்சிருச்சுன்னு காட்டுது. வருத்தமா இருக்கு."

"அதில்லைம்மா. நான் கர்ப்பமாவே இருந்ததில்லை. எம்பேரு ஆர்லிஸ் டக்கெட்."

"இந்த நம்பர் கெனிட்ரா லைக்ஸ்னு..." வெர்னீஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் சொல்லலை. அது ரகசியம். உங்க காதுல எதுவும் விழலை."

"சரிம்மா, விழலை. நான் செய்தி வேண்டாம்னுதான் பூஜ்யம் அழுத்தினேன்."

"எங்க திட்டத்துல யாரும் செய்தி வேண்டாம்னு சொல்லமாட்டாங்க. அவ்வளவு நல்ல செய்தி. ஒருத்தங்க நிறுத்தினா ஒரே காரணம்தான் இருக்க முடியும்னு மேல முடிவு பண்ணியிருக்காங்க. பூஜ்யம்னா குழந்தை இல்லை."

"அப்போ அந்தப் பொண்ணுக்கு?"

வெர்னீஸ் முதல் முறையாகத் திரையிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "கர்ப்பிணி அட்டை ரத்தாயிருக்கும். அட்டை இல்லைன்னா மாண்ட்கமரி டாக்டருக்குச் சீட்டு இல்லை, போறதுக்கு வாடகைக் காருக்கும் சீட்டு இல்லை."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ஒரு பூஜ்யத்தை அழுத்தி யாரோ ஒருத்தி வயிற்றிலிருந்த பிள்ளையைக் காகிதத்தில் கொன்றுவிட்டு ஆர்லிஸ் நின்றுகொண்டிருந்தார்.

லைக்ஸ் வீட்டுக் கெனிட்ராவை அவருக்குத் தெரியும். ஏழாவது நிறுத்தம், செம்மண் சாலை முனை. எப்போதும் ஒரு ஷூ நாடாவை அவிழ்த்துப் போட்டபடியே ஏறும் பிள்ளை. இப்போது கெளுத்தி மீன் ஆலையில் வேலை செய்கிறாள் என்று ஓஸெல்லா சொன்னாள். ஆர்லிஸின் வண்டி கியர்பெட்டி உடைந்து முற்றத்தில் கிடந்தது. அக்காவின் காரை வாங்கிக்கொண்டு போய் ஆலை வாசலில் நின்றார். முறை முடிந்து, முழங்கால் வரை ரப்பர் பூட்சோடு, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஆர்லிஸ் ஐயா! என்னாச்சு, மறுபடி பஸ் ஓட்டறீங்களா?"

"இல்லை கண்ணு. உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். உன் பழைய நம்பர் எங்கிட்ட இருக்கு."

அவள் சிரிப்பு நின்றது. "போன வாரம் சன்னலுக்குப் போனேன், ஐயா. எனக்குக் குழந்தை போயிருச்சாம். இந்தா உதைக்குதுன்னு அந்தம்மா கையை இழுத்து வயித்துல வைக்கப் பாத்தேன். நாங்க வயித்தைப் பாக்கறதில்லை, திரையைத்தான் பாக்கறோம்னுட்டாங்க." அவரையே பார்த்தாள். "நீங்கதானா அது? பூஜ்யம் அழுத்தினது?"

"நான்தான்."

"நம்பர் மாத்தச் சொல்லி நாலு தடவை கேட்டேன். பழைய நம்பருக்குத்தான் எண் அனுப்புவோம்னாங்க. அதையும் நீங்கதான் வாங்கினீங்களா?"

"யார்கிட்டயும் சொல்லாதேன்னு போட்டிருந்துச்சு, கண்ணு."

கெனிட்ரா, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

எண் போனது எப்படி என்பதையும் அவள்தான் சொன்னாள். ஆலையில் மீன் வெட்டும் வரிசையில் கைபேசி கூடாது. வாரியத்திலோ பத்து நிமிடத்துக்குள் பதில் வராவிட்டால் குற்றம். மூன்று முறை தவறினால் 'ஒத்துழைக்காத தாய்' என்று எழுதி அட்டையை நிறுத்திவிடுவார்கள். எனவே கைபேசியை மேலங்கிக்குள் ஒளித்து வைத்திருந்தாள். ஒரு நாள் 1 அழுத்தக் குனிந்தபோது அது பனிக்கட்டித் தொட்டிக்குள் போய்விட்டது. கடையில் புதுக் கைபேசியோடு புது எண்தான் கொடுத்தார்கள். நலமாக இருக்கிறேன் என்று சொல்லப் போய்த்தான் அவள் கெட்டாள்.

*

மறுநாள் இருவரும் சேர்ந்து சன்னலுக்குப் போனார்கள். வெர்னீஸ் பெருமூச்சு விட்டபடி விதிப் புத்தகத்தைப் புரட்டினாள்.

"முடிஞ்ச கர்ப்பத்தை மறுபடி தொடங்க வழி இருக்கு. பதிவான நம்பர்ல இருந்து, விடாம அறுபது நாள், நேரத்துக்குப் பதில் வரணும். அப்போ அட்டை திரும்ப வரும்."

"அறுபது நாள்ல நான் பெத்தே போட்டுருவேன் போலிருக்கே," என்றாள் கெனிட்ரா.

"அதுக்கு இங்க தனிப் படிவம் இருக்கு."

"கைபேசியை இவளுக்கே குடுத்துடறேன்," என்றார் ஆர்லிஸ்.

"குடுங்க. ஆனா வரிசையில நிக்கும்போது இவங்க எப்படிப் பதில் போடுவாங்க?"

மூவரும் யோசித்தார்கள். யோசிக்க வேறு எதுவும் இல்லை. அன்றிலிருந்து ஆர்லிஸ் கர்ப்பமானார்.

அவர் அதை எவ்வளவு பொறுப்பாகச் செய்தார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். தேவாலயத்தில் பிரசங்கத்தின் நடுவே எழுந்து போய்ப் பதில் அனுப்பினார். முடி வெட்டும்போது பாதித் தலையோடு பதில் அனுப்பினார். "காலை எழுந்ததும் உப்புப் பிஸ்கட் தின்றீர்களா?" என்று கேட்டதற்காக ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கித் தின்றார். பொய் சொல்லக் கூடாதே என்பதற்காக. தினமும் முறை முடிகிற நேரத்துக்கு ஆலை வாசலுக்குப் போய், "எப்படிக் கண்ணு இருக்கே?" என்று கேட்டு, அவள் சொன்னதையே மறுநாளைக்கு எழுதினார். ஓஸெல்லா சும்மா இருப்பாளா? "தம்பி, மாங்காய் வேணுமா, சாம்பல் வேணுமா?" என்று கேட்டுக் கேட்டே அவரைப் பாதியாக்கினாள்.

முதல் ஆறு வாரம் எல்லாம் 1. ஜூன் பிறந்ததும் கெனிட்ராவின் கால்கள் பூட்சுக்குள் நுழையவில்லை. மோதிரத்தைக் கழற்றிக் கழுத்துச் சங்கிலியில் போட்டுக்கொண்டாள். சன்னலுக்குப் போய்க் கேட்டபோது வெர்னீஸ் விதிப் புத்தகத்தைப் புரட்டி, அறுபது நாள் முடியட்டும் என்றாள். தலைவலி வந்தது, போகவில்லை.

"கண்ணு முன்னால பூச்சி பறக்கற மாதிரி இருக்கு, ஐயா."

ஆர்லிஸ் 2 அழுத்தினார்.

"வருந்துகிறோம், கெனிட்ரா! தண்ணீர் குடியுங்கள். கால்களைத் தலையணை மேல் வையுங்கள். உங்களைப் பார்த்து நீங்களே புன்னகை செய்யுங்கள்."

மறுநாளும் 2. "தண்ணீர் குடியுங்கள்." மூன்றாம் நாளும் 2. இந்த முறை தண்ணீர் வரவில்லை, அழைப்பு வந்தது.

"கெனிட்ரா பேசறீங்களா? நான் கார்ல்டன் ப்ரூவிட். வாரியத்தோட இயக்குநர்."

"ஆமா," என்றார் ஆர்லிஸ், முப்பத்தொரு வருடம் பேருந்தில் பிள்ளைகளை அதட்டிய குரலில்.

"குரல் கரகரன்னு இருக்கே. தண்ணி குடிங்க. கெனிட்ரா, ஒன்பது வருஷமா நம்ம மாவட்டம் வரைபடத்துல பச்சையா இருக்கு. நேத்து உங்களால மஞ்சளாயிடுச்சு."

"தலைவலி ஐயா. கால் வீக்கம். கண்ணு மங்குது. டாக்டர் பாக்கணும்."

"டாக்டர் பாக்கறதுங்கறது பழைய முறை. ஒரு டாக்டர் எட்டு மாசத்துல உங்களை எத்தனை தடவை பாப்பார்? பத்து? நாங்க இருநூறு தடவை விசாரிச்சிருக்கோம். எங்களைவிட நெருக்கமா யார் இருக்கா?"

"எங்க இருக்கீங்க?"

"உங்க கைபேசியில! கேளுங்க. மஞ்சள்னா மாநிலத்துல ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா குழு போடணும். குழு போட்டா அறிக்கை எழுதணும். அறிக்கை எழுதிக்கிட்டிருந்தா தாய்மாருக்குச் செய்தி அனுப்ப எங்களுக்கு ஏது நேரம்? தாய்மார் நலனை யோசிங்க. 1 அழுத்துங்க."

ஆர்லிஸ் கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"இன்னொரு நல்ல விஷயம். பதில் போடற வேகத்துல நீங்கதான் மாவட்டத்துல முதல். சராசரி நாற்பத்தோரு விநாடி. வர்ற வெள்ளிக்கிழமை ஆண்டு விழா. 'ஆண்டின் சிறந்த தாய்' நீங்கதான். அட்டையை மேடையிலயே குடுத்துடறோம். ஆனா மஞ்சளா இருக்கறவங்களை மேடையேத்த முடியாது, பாருங்க."

அன்று மாலை ஆலை வாசலில் ஆர்லிஸ் இதைச் சொன்னார். கெனிட்ரா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இப்பவே மாண்ட்கமரிக்குப் போயிடலாம், கண்ணு. அக்கா கார்ல கூட்டிட்டுப் போறேன்."

"போன மாசம் ரெண்டு நாள் லீவு போட்டேன். இன்னொரு நாள் போட்டா வரிசையில என் இடம் போயிடும். அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை, டாக்டருக்கும் நேரம் வாங்கியிருக்கேன். அட்டை மட்டும் வந்தாப் போதும். அதுவரைக்கும் தாங்கும். அழுத்துங்க, ஐயா."

ஆர்லிஸ் 1 அழுத்தினார்.

"மிக்க மகிழ்ச்சி, கெனிட்ரா!"

*

வெள்ளிக்கிழமை மாலை விழா நடந்தது பழைய பிரசவ அறையில். சுவரை இடித்துப் பெரிதாக்கிக் கூடமாக்கியிருந்தார்கள். பலூன், பஞ்சு மிட்டாய் நிறத்தில் கேக், சுவரில் பச்சை வரைபடம். வாசலில் வாரியத்தின் வண்டி நின்றது: புதுக் கருக்கு அழியாத பெரிய வெள்ளை வண்டி, பக்கவாட்டில் தாயும் சேயும் சிரிக்கும் படம். கைபேசிக் கடைக்காரர், தேவாலயத்துப் பெரியவர்கள், வேறு மாவட்டத்து இயக்குநர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். டாக்டர் யாராவது இருந்தால் ஓரமாகக் காட்டிவிடலாம் என்று ஆர்லிஸ் நினைத்திருந்தார். ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்டார். தகவல் தொடர்பு நிபுணர்கள் மூவர், வண்ண நிபுணர் ஒருவர், பழங்களின் அளவை முடிவு செய்கிறவர் ஒருவர். டாக்டர் இல்லை.

ஓஸெல்லா இருவரையும் இறக்கிவிட்டுப் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். கெனிட்ரா முன் வரிசையில் உட்கார்ந்தாள். முகம் அதைத்திருந்தது. சன்னலை விட்டு வந்து பின்னால் நின்ற வெர்னீஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார்ல்டன் ப்ரூவிட் மேடையேறினார். நல்ல உயரம், நல்ல உடை, நல்ல பல்.

"நண்பர்களே, இந்த அறையில ஒரு காலத்துல அலறல் கேட்டுது. ரத்தம் சிந்திச்சு. சில சமயம், சொல்றதுக்கே கஷ்டமா இருக்கு, குழந்தைங்க செத்தும் போச்சு. நாங்க பொறுப்பேத்து ஒன்பது வருஷம் ஆச்சு. இந்த ஒன்பது வருஷத்துல, பெருமையாச் சொல்றேன், இந்தக் கட்டடத்துல ஒரு குழந்தைகூடச் சாகலை!"

கைதட்டல் எழுந்தது.

"அதெப்படி முடிஞ்சுதுன்னு கேக்கறாங்க. பிறக்கவே விடலை! எல்லாப் பிரசவத்தையும் பக்கத்து மாவட்டத்துக்கு அனுப்பிட்டோம். அதால எதாவது நடந்தாலும் அது அவங்க கணக்கு. இதுக்குப் பேர்தான் தொலைநோக்கு. ஒரு தாய்க்கு என்ன தேவை? மருந்தா? கட்டிலா? இல்லை. தன்னை யாரோ நினைக்கறாங்கங்கற உணர்வு. நாங்க நினைக்கறோம். தானாவே நினைக்குது, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. இதோ, நாற்பத்தோரு விநாடியில பதில் சொல்ற தாய்..."

கெனிட்ரா எழுந்தாள். எழுந்தவள் எதையோ பிடிக்கக் கையை நீட்டினாள். அங்கே எதுவும் இல்லை. நாற்காலியோடு விழுந்தாள். கண் மேலே செருகியது, பல் கிட்டியது, உடம்பு முழுவதும் வெட்டி இழுத்தது.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கைபேசியை எடுத்தார்கள். அத்தனை பேரும் எடுத்தது படம் பிடிக்க அல்ல. வேறு என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியாது.

"அவங்க கைபேசி எங்க?" என்று கத்தினார் கார்ல்டன். "2 அழுத்துங்க!"

ஆர்லிஸ் 2 அழுத்தினார். தமக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுத்தினார்.

"தண்ணீர் குடியுங்கள், கெனிட்ரா."

அதற்குள் வெர்னீஸ் கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு வந்து தரையில் மண்டியிட்டிருந்தாள். கெனிட்ராவை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தாள், வாயைத் துடைத்தாள், தன் சட்டையைச் சுருட்டித் தலைக்குக் கீழே கொடுத்தாள். அந்தக் கைகளுக்கு யாரும் வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இந்த ரூம்ல இருபது வருஷம் நர்சா இருந்தேன்," என்றாள் யாரையும் பார்க்காமல். "அறுநூறு குழந்தை எடுத்திருக்கேன். மூடினப்போ சன்னலைக் குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். கால் வீங்கினதைச் சன்னல் வழியாவே பாத்தேன், ஆர்லிஸ். பாத்துட்டுப் புஸ்தகத்தைப் புரட்டினேன்."

மாவட்டத்துக்கு இருந்தது ஒரே ஆம்புலன்ஸ். அது வேறொரு விபத்துக்குப் போயிருந்தது. வர ஐம்பது நிமிடம் ஆகும் என்றார்கள்.

ஆர்லிஸ் மேடையை நோக்கிப் போனார். "வெளிய நிக்கற வண்டிச் சாவி குடுங்க."

"அது விழிப்புணர்வு வண்டி," என்றார் கார்ல்டன். "ஊர்வலத்துக்கு மட்டும்தான். ஆளை ஏத்த அனுமதி இல்லை. உள்ள விரிப்பு வெள்ளை."

"சாவி."

"நான் சொல்றதைப் புரிஞ்சுக்கங்க. அவங்களை ஏத்தி, வழியில எதாவது ஆயிட்டா, அது நம்ம வண்டியில நடந்ததா..."

சாவி மேசை மேல் ரிப்பன் கட்டி வைக்கப்பட்டிருந்தது. விழா முடிவில் எடுத்து ஆட்டிக்காட்ட. ஆர்லிஸ் அதை எடுத்துக்கொண்டார். தேவாலயத்துப் பெரியவர்கள் இரண்டு பேர் கால் பக்கம் பிடிக்க, வெர்னீஸ் தலைப்பக்கம் பிடிக்க, தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். மரம் ஏற்றிய லாரிகளைத் தாண்டித் தாண்டி அறுபத்தெட்டு மைலை ஐம்பத்தைந்து நிமிடத்தில் கடந்தார். முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூட வேக எல்லையைத் தாண்டாதவர். வழியில் இன்னொரு முறை இழுத்தது. வெர்னீஸ் ஜெபம் செய்யவில்லை. ஒவ்வொரு நிமிடமும் நாடியைச் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தாள்.

மாண்ட்கமரியில் இளம் டாக்டர் ஒருத்தி கெனிட்ராவின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். எண்ணைப் பார்த்ததும் ஓடினாள். வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை.

மறுநாள் அந்த டாக்டர் கணினியைப் பார்த்துவிட்டு ஆர்லிஸிடம் வந்தாள். "இருநூத்துப் பதினோரு தடவை கர்ப்ப காலக் கவனிப்புன்னு போட்டிருக்கு. இதுல ஒருத்தருக்குக்கூட ஒரு தடவை இந்தப் பட்டையைக் கையில சுத்தத் தோணலையா? ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா மாத்திரையிலயே அடக்கியிருப்போமே."

குழந்தை மூன்றாம் நாள் இறந்தது. கெனிட்ரா பிழைத்தாள். இடக் கண்ணில் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. குழந்தைக்கு ஐரீன் என்று பெயர் வைத்து, அந்தப் பெயரைக் கல்லில் எழுதினார்கள். இறப்பு மாண்ட்கமரிக் கணக்கில் ஏறியது. டோலிவர் பச்சையாகவே இருந்தது.

*

ஆகஸ்டில் ஆர்லிஸ் மேல் வழக்கு வந்தது. குற்றம் இரண்டு: வாரியத்தின் வண்டியைத் திருடியது, பன்னிரண்டு வாரம் கர்ப்பிணியாக நடித்து அரசுத் திட்டத்தை ஏமாற்றியது. முன் வரிசையில் கெனிட்ரா உட்கார்ந்திருந்தாள், மடியில் கையை வைத்துக்கொண்டு. பக்கத்தில் ஓஸெல்லா, அன்று அவள் வாயிலிருந்து ஒரு கிண்டலும் வரவில்லை. வேலையை விட்டுவிட்ட வெர்னீஸும் வந்திருந்தாள்.

நீதிபதியம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "டக்கெட், குத்தத்தை ஒத்துக்கறீங்களா?"

"வண்டியை எடுத்தேன், ஒத்துக்கறேன். கர்ப்பிணின்னு பதில் போட்டேன், அதையும் ஒத்துக்கறேன். அதுக்கெல்லாம் நான் வருத்தப்படலை." ஆர்லிஸ் கெனிட்ராவைப் பார்க்க முயன்றார், முடியவில்லை. "அந்தப் பொண்ணுக்குத் தலை வெடிக்கும்போது நலம்னு 1 அழுத்தினேன். அதை எழுதிக்கங்கம்மா. அந்தக் குத்தம் உங்க தாள்ல இல்லை. அதுக்கு என்ன தண்டனை உண்டோ குடுங்க."

நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சாட்சிக் கூண்டில் நின்ற கார்ல்டன் ப்ரூவிட்டின் பக்கம் திரும்பினார்.

"உங்க வாரியம் அந்த வண்டியை எப்ப வாங்குச்சு?"

"ஒன்பது வருஷம் முன்னாடி, கனம் நீதிபதி அவர்களே. தாய்மாருக்காகவே வாங்கினது."

"இந்த ஒன்பது வருஷத்துல அது எத்தனை கர்ப்பிணிங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கு?"

கார்ல்டன் கையோடு கொண்டுவந்திருந்த தடிமனான கோப்பைத் திறந்தார். விரலை எச்சில் தொட்டு, ஒவ்வொரு வருடமாக, பொறுமையாகப் புரட்டினார்.

"ஒருத்தங்களை," என்றார் நிமிர்ந்து. "அந்த ஒரு தடவையைத்தான் நாங்க திருட்டுன்னு வழக்குப் போட்டிருக்கோம்."